ஐந்து வயதில் எல்லாம் முடிந்துவிடுகிறதா?

அன்புள்ள ஐயா,

குழந்தையின் ஆளுமை 5 வயதுக்குள் உருவாகி முடிந்துவிடும், அதன்பின் பெரிதாக மாறாது என்று ஓர் உரையில் கேட்டேன். அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. நான் வளர்ந்த வீட்டில் அடியும் கூச்சலும்தான். இன்றும் யாராவது குரலை உயர்த்தினால் எனக்குக் கை நடுங்கும். என் மகளுக்கு 4 வயது. புதியவர்கள் வந்தால் என் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். என் பயம் அவளுக்கும் ஒட்டிக்கொண்டதா? இன்னும் ஒரு வருடம்தான் மிச்சமா?

ர.

அன்புள்ள ர.,

அப்படி ஒரு கெடு எதுவும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் கேட்ட கருத்தின் வேர், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்டிடம் இருக்கிறது. முதல் ஐந்தாறு வருடங்களில் ஆசைக்கும் தடைக்கும் நடக்கும் போராட்டமே பிற்கால மனிதனைத் தீர்மானிக்கிறது என்றார். சிகிச்சைக்கு வந்த பெரியவர்களின் நினைவுகளைப் பிடித்துப் பின்னோக்கிப் போய்த்தான் இந்த முடிவுக்கு வந்தார். 1909இல் அவர் எழுதிய 'குட்டி ஹான்ஸ்' என்னும் சிறுவனின் கதை புகழ்பெற்றது. குதிரையைக் கண்டு நடுங்கிய 5 வயதுப் பையன். அதிலும் சிகிச்சையைப் பெரும்பாலும் நடத்தியவர் பையனின் அப்பாதான். ஃப்ராய்ட் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். சிகிச்சைக் காலத்தில் அவர் பையனை நேரில் பார்த்துப் பேசியது ஒரே ஒரு முறை. 1922இல் அதே ஹான்ஸ் 19 வயது இளைஞனாக, நல்ல ஆரோக்கியத்துடன் அவர் முன் வந்து நின்றான். தன்னைப் பற்றிய அந்தக் கட்டுரையைப் படித்தும் எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றான்.

துன்பப்படும் ஒருவரிடம் பழைய காயத்தைத் தேடினால் கிடைத்துவிடும். அதே காயம் பட்டும் நன்றாக வாழ்கிறவர் சிகிச்சைக்கு வருவதில்லை, அதனால் கணக்கிலும் வருவதில்லை.

குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்தவர்கள் கண்டது வேறு. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர்கள் எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடி அல்லது மனநோய் எனப் பல பாரங்களைச் சேர்த்துச் சுமந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அவர்களிலும் மூன்றில் ஒருவர் திறமையும் நம்பிக்கையும் உள்ள இளைஞராக வளர்ந்தார். அப்படி வளர்ந்தவர்களுக்கு, ஒட்டிக்கொள்ள ஒரு பெரியவராவது இருந்தார். பாட்டியோ, அத்தையோ, ஆசிரியரோ. எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது, பதின்ம வயதில் தடம் மாறியவர்களில் பெரும்பாலோர் முப்பதுகளில் மீண்டிருந்தார்கள் என்பதுதான். நல்ல துணை, மறுபடி தொடங்கிய படிப்பு, இப்படி ஏதோ ஒன்று கைகொடுத்திருந்தது.

உளப்பகுப்பாய்வாளர் எரிக் எரிக்சன் 1950லேயே ஆளுமை வளர்ச்சியை முதுமை வரை 8 கட்டங்களாக நீட்டியவர். கட்டங்களின் கறாரான வரிசையை நான் ஏற்கவில்லை. வளர்ச்சி குழந்தைப் பருவத்தோடு நின்றுவிடாது என்று அவர் சொன்னது நிலைத்துவிட்டது.

சரி, உங்கள் மகள். அவளுடைய கூச்சம் உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று முடிவு கட்டாதீர்கள். உளவியலாளர் ஜெரோம் காகன் 4 மாதக் குழந்தைகளின் கண்ணெதிரே புதிய பொம்மைகளை ஆட்டிக் காட்டினார், பழக்கமில்லாத குரல்களைக் கேட்கவைத்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை கைகாலை உதைத்து, முதுகை வளைத்து அழுதது. வளர்ந்தபின் கூச்சம் இவர்களிடம்தான் கூடுதலாகத் தெரிந்தது. ஆனாலும் இவர்களில் பலர் ஒடுங்கிய பிள்ளைகளாக ஆகவில்லை. நியூயார்க்கில் 1956 முதல் குழந்தைகளைத் தொடர்ந்த மனநல மருத்துவர்கள் அலெக்சாண்டர் தாமஸும் ஸ்டெல்லா செஸ்ஸும் 'மெதுவாகப் பழகும் குழந்தை' என்று ஒரு வகையையே பிரித்துச் சொன்னார்கள். பிள்ளையின் இயல்பும் வளர்க்கிறவரின் எதிர்பார்ப்பும் பொருந்துகின்றனவா என்பதே அவர்கள் பார்த்த முக்கியமான விஷயம்.

அதனால் விருந்தாளி வந்தால் "கொஞ்ச நேரத்தில் வருவாள்" என்று சொல்லிவிட்டு நீங்கள் பேச்சைத் தொடருங்கள். அவள் காதில் விழும்படி 'கூச்சக்காரி' என்று யாரும் சொல்ல விடாதீர்கள். அதற்காக ஆட்கள் வரும் இடங்களையே தவிர்த்துவிடவும் வேண்டாம். அப்புறம் பழகவே வழியில்லாமல் போய்விடும்.

உங்களுக்கும் சொல்ல வேண்டும். 2006இல் 92 நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஆளுமை அதிகமாக மாறுவது 20 வயதுக்கும் 40க்கும் இடையில் என்று தெரிந்தது. அந்த மாற்றமும் பெரும்பாலும் நிதானத்தை நோக்கியே இருந்தது. 2017இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வில், உளவியல் சிகிச்சை எடுத்தவர்களிடம் மிகத் தெளிவாக முன்னேறியது பதற்றம் குறைந்து மனம் நிலைப்படுவதுதான். உங்கள் கை நடுக்கத்தோடு ஒரு உளவியல் ஆலோசகரைப் போய்ப் பாருங்கள். இந்த மாதமே.