ஐ-20 தாளின் வலது மூலையை முதலில் பாருங்கள்

வணக்கம் ஐயா,

ஃப்ளோரிடா ஃப்ளையிங் ஸ்கூல் உங்கள் மகனுக்கு அனுப்பிய ஐ-20, அதாவது அமெரிக்க மாணவர் விசாவுக்காகப் பள்ளி கொடுக்கும் படிவத்தின் போட்டோ வந்து சேர்ந்தது. ஃபீஸ், டாலர் ரேட் பற்றியெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். அதை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தத் தாளின் மேல் வலது மூலையைப் பாருங்கள். விசா வகை எம்-1 என்று பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கிறது. நீங்களோ கடிதம் முழுக்க எஃப்-1 என்றே எழுதியிருக்கிறீர்கள். கேட்டதற்கு ஏஜெண்ட், "எல்லாம் ஸ்டூடண்ட் விசாதான் சார், அங்க போய் மாத்திக்கலாம்" என்றாராம்.

அது நடக்காது. எம்-1-இல் போனவர் அமெரிக்காவுக்குள் இருந்துகொண்டே எஃப்-1-க்கு மாறச் சட்டமே இடம் கொடுக்கவில்லை. திரும்பி வந்து, புது ஐ-20 வாங்கி, மறுபடி ஃபீஸ் கட்டி, மறுபடி கான்சலேட் வாசலில் நிற்க வேண்டும். பலர் நினைப்பதுபோல் விசா வகையை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. எந்தப் பள்ளி, எந்தக் கோர்ஸ் என்று நீங்கள் முடிவு செய்த அன்றே அதுவும் முடிவாகிவிடுகிறது.

எஃப்-1 என்பது பட்டப்படிப்பு, மொழிப் பயிற்சி போன்றவற்றுக்கு. எம்-1 தொழிற்பயிற்சிக்கு. தனியார் ஃப்ளையிங் ஸ்கூல்களில் பல எம்-1 ஐ-20 கொடுப்பவை. ஜே-1 என்று மூன்றாவதாக ஒன்று உண்டு. அது பரிமாற்றத் திட்டங்களுக்கானது, உங்கள் மகனுக்குத் தேவையில்லை.

எம்-1-க்கும் எஃப்-1-க்கும் உள்ள வித்தியாசம் உங்கள் பாக்கெட்டில்தான் முதலில் தெரியும். எஃப்-1-க்கு முதல் வருடச் செலவுக்கான பணம் கையில் இருப்பதையும், மீதி வருடங்களுக்கு எங்கிருந்து வரும் என்பதையும் காட்டினால் போதும். எம்-1-க்கு மொத்தப் பயிற்சிக் காலத்துக்குமான ஃபீஸும் சாப்பாட்டு, வாடகைச் செலவும் இப்போதே இருப்பதாகக் காட்ட வேண்டும். "பாதி லோன், மீதியைப் பையன் பார்ட் டைம் பார்த்துச் சம்பாதிச்சுக்குவான்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கணக்கை அடித்துவிடுங்கள். எஃப்-1 மாணவர் கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். எம்-1-இல் படிக்கும்போது அந்த வாய்ப்பு கிடையாது.

படித்து முடித்த பிறகு? எஃப்-1 என்றால் பொதுவாக 12 மாதம் பயிற்சி வேலைக்கு அனுமதி கிடைக்கும். எம்-1-இல் முழுநேரமாகப் படித்த ஒவ்வொரு 4 மாதத்துக்கும் ஒரு மாதம், அதுவும் அதிகபட்சம் 6 மாதம்தான். உங்கள் மகனின் கோர்ஸ் 12 மாதம் என்றால் கிடைப்பது 3 மாதம். ஏஜெண்ட் சொன்ன "ரெண்டு வருஷம் இன்ஸ்ட்ரக்டர் சம்பளம்" எந்தக் கணக்கில் வருகிறது என்று எனக்குப் புரியவில்லை.

இதையெல்லாம் படித்து எம்-1 மட்டமான விசா என்று நினைத்துவிடாதீர்கள். பையனின் எண்ணம் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, நம் நாட்டு விமானத் துறையைக் கட்டுப்படுத்தும் டிஜிசிஏ-வின் தேர்வெழுதி அதை இந்திய லைசென்ஸாக மாற்றி, இங்குள்ள ஏர்லைன்ஸில் சேருவதென்றால் எம்-1 நன்றாகவே பொருந்தும். இன்டர்வியூவில் "முடிச்சதும் என்ன செய்வே?" என்ற கேள்விக்கு அவனிடம் நேரான பதிலும் இருக்கும். அங்கேயே கொஞ்ச காலம் வேலை பார்க்க ஆசை என்றால், ஏவியேஷன் பட்டம் தரும் பல்கலைக்கழகங்களைப் பாருங்கள். ஃப்ளோரிடா டேடோனா பீச்சில் எம்ப்ரி-ரிடில், வடக்கு டகோட்டா பல்கலைக்கழகம் போன்றவை. அவை எஃப்-1 ஐ-20 கொடுக்கும். ஆனால் நான்கு வருடம், செலவும் பல மடங்கு. இதில் எது என்று நான் சொல்வதைவிட உங்கள் மகன் சொல்வதுதான் சரி. அவனிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அவன் பேச்சே இல்லை.

டூரிஸ்ட் விசாவில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். 2001 செப்டம்பர் தாக்குதலில் விமானங்களைக் கடத்தியவர்களில் சிலர் ஃப்ளோரிடாவில்தான் விமானம் ஓட்டக் கற்றார்கள். அவர்களில் இருவருக்கு மாணவர் அந்தஸ்து வழங்கிய கடிதம், தாக்குதல் நடந்து ஆறு மாதம் கழித்து 2002 மார்ச்சில் அவர்கள் பயின்ற பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த அவமானத்துக்குப் பிறகு விதிகளை இறுக்கிவிட்டார்கள். வெளிநாட்டு மாணவர் விமானம் ஓட்டக் கற்க விசா தவிர, டிஎஸ்ஏ என்ற அந்நாட்டுப் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதலும் வேண்டும்.

டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தைப் பையனே உட்கார்ந்து நிரப்பட்டும். அதில் கடந்த ஐந்து வருட சோஷியல் மீடியா கணக்குகளைக் கேட்பார்கள். 2025 ஜூனிலிருந்து அந்தக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கவும் சொல்கிறார்கள். ஏஜெண்ட் நிரப்பி, ஒரு கணக்கு விடுபட்டுப்போனால் பதில் சொல்ல வேண்டியவன் உங்கள் மகன்தான்.

கடைசியாக ஒன்று. கமர்ஷியல் பைலட் ஆக டிஜிசிஏ-வின் கிளாஸ் 1 மெடிக்கல் என்ற உடல்தகுதிச் சோதனையில் தேறியே ஆக வேண்டும். கண்ணாடி போடுகிறான் என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது பிரச்சினை ஆகாது, ஆனால் அதை டாக்டர் சொல்லட்டும். அட்வான்ஸ் இன்னும் கட்டவில்லை என்றீர்கள், நல்லது. மெடிக்கல் ரிசல்ட் கைக்கு வரும்வரை கட்டாதீர்கள். அதற்குள், பாதியில் நின்றால் எவ்வளவு பணம் திரும்பி வரும் என்று அந்த ஸ்கூலுக்குப் பையனையே மெயில் போடச் சொல்லுங்கள். பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள்.