அதிகாலை மூன்று மணியைப் பாருங்கள்

உங்கள் தந்தையின் தோலில் ஒட்டிய சர்க்கரை சென்சாரின் பதினான்கு நாள் அறிக்கையில், காலை இட்லிக்குப் பிறகு 210 வரை எழும் மேட்டைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, இப்படியே போனால் சிறுநீரகம் பழுதாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 71 வயதில், இரண்டு மணி நேரத்தில் தானே இறங்கிவிடும் அந்த மேட்டைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. சென்சாருக்கும் குளுக்கோமீட்டருக்கும் 10, 15 வேறுபடுவதும் அப்படித்தான். ஒன்று தோலடித் திரவத்தை அளக்கிறது, மற்றது இரத்தத்தை. பப்பாளி கொடுக்கலாமா என்றால், இரண்டு துண்டு சாப்பிடட்டும். வட்டமிட வேண்டிய இடம் அதே தாளின் இடது பக்கத்தில், அதிகாலை இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் இருக்கிறது.

அந்த வரைபடம் பதினான்கு நாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே நாளாகக் காட்டுகிறது. நடுவே ஓடும் தடித்த கோட்டுக்கு மேலே பாதி அளவுகளும் கீழே பாதி அளவுகளும் இருக்கும். வெளிர்நிறப் பட்டையின் கீழ்விளிம்போ, மிக மோசமான இரவுகளில் சர்க்கரை எதுவரை இறங்கியது என்பதைச் சொல்லும். உங்கள் தந்தைக்கு மூன்று மணியளவில் தடித்த கோடு 112-இல் அழகாக ஓடுகிறது, கீழ்விளிம்பு 50-ஐத் தொடுகிறது. சராசரி 154 என்பதைப் பார்த்து நிம்மதி அடைந்ததாக எழுதியிருக்கிறீர்கள். 50-க்கும் 250-க்கும் சராசரி 150 என்பதை மறந்துவிட்டீர்கள்.

சர்க்கரை எந்த எல்லையில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதைக் காட்டும் நிறத்தூணின் அடியில் ‘70-க்குக் கீழே 6 சதவீதம்’ என்று அச்சாகியிருப்பதையும், சிறிய எண் என்பதால், கடந்துவிட்டீர்கள். நாளொன்றுக்கு 6 சதவீதம் என்றால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். 2019-இல் வெளியான சர்வதேச நிபுணர் பரிந்துரை, முதியவர்களுக்கு இது 1 சதவீதத்துக்குள், அதாவது கால் மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. 70 முதல் 180 வரையிலான எல்லைக்குள் அவர்கள் பாதி நேரத்துக்கு மேல் இருந்தாலே போதும் என்றும் தாராளம் காட்டுகிறது. சதவீதத்தை மட்டும் அச்சிட்டு, நிமிடக் கணக்கைக் கூறாமல் விடும் அறிக்கைகள் மீது எனக்குக் கோபம் உண்டு.

இறக்கத்தின் காரணம் வரைபடத்தில் இல்லை, உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது. இரவு உணவுக்குப் பின் 220, 240 என்று காட்டினால், ஏதோ ஒரு காணொளியில் சொன்னபடி, பத்து மணிக்கு நான்கோ ஆறோ யூனிட் கூடுதலாகப் போட்டுக்கொள்கிறார். அவருடையது 30/70 கலவை இன்சுலின். அதில் 70 பங்கு மெதுவாகத் தொடங்கி, நான்கு மணி நேரத்துக்குப் பிறகே உச்சத்தை எட்டும் வகை. வழக்கமான இரவு எட்டு மணி ஊசியின் வேகமும் பத்து மணி ஊசியின் வேகமும் வீடே உறங்கும் வேளையில் ஒன்றுசேர்கின்றன. ஏறிய சர்க்கரையை அவசரமாக இறக்குவதற்கான மருந்தே அல்ல அது.

கையை அழுத்திப் படுத்தால் சென்சார் பொய்யாகக் குறைத்துக் காட்டும் என்று இணையத்தில் படித்து, இரவு எச்சரிக்கை ஒலியை அணைத்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். அப்படி நேர்வது உண்மைதான். ஆனால் நீங்களே எழுதியிருக்கும், பனியன் நனையும் வியர்வையும் விடிந்ததும் வரும் தலைவலியும் கையை அழுத்துவதால் வருவதில்லை, சர்க்கரை இறங்குவதால் வருபவை.

இன்றிரவே அந்த ஒலியைத் திரும்பப் போடுங்கள். கூடுதல் ஊசி அறவே கூடாது. வழக்கமான ஊசியை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், அதன் அளவைக் குறைப்பது அவருடைய மருத்துவரின் பொறுப்பு. இந்த வாரத்துக்குள் அவரைப் பாருங்கள். போகும்முன், அறிக்கையின் நாள்வாரிப் பக்கங்களில், ஊசி போட்ட நேரத்துக்கு நேராக ஓர் அம்பும் யூனிட் எண்ணிக்கையும், சாப்பிட்ட நேரத்தில் ஒரு புள்ளியும், கூடுதல் ஊசிகள் மட்டும் வேறு நிறத்திலும் பேனாவால் குறித்துவிடுங்கள். எந்த இரவு ஏன் இறங்கியது என்பது மருத்துவருக்கு ஒரே நிமிடத்தில் விளங்கிவிடும். குப்பி மில்லிலிட்டருக்கு 40 யூனிட் வகையா 100 வகையா, சிரிஞ்சும் அதற்குரியதுதானா என்பதையும் எழுதுங்கள், ஏனென்றால் 100 வகையை 40-க்கான சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும்.

இரவில் ஒலி எழுந்தால் விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். எழுப்பியும் எழவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-ஐ அழையுங்கள்.