காலையில் விரல் மடங்கவில்லை, டாக்டர்!

கேள்வி: வயது 38. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறேன். ஐந்து மாதமாகக் காலையில் இரண்டு கையிலும் விரல் முட்டிகள் வீங்கி, விரல் மடங்க இரண்டு மணி நேரம் ஆகிறது. மகளுக்குத் தலை பின்ன முடியவில்லை. ஒரு கிளினிக்கில் யூரிக் ஆசிட் என்று மாத்திரை தந்தார்கள், கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த ஜாமு (மூலிகை மருந்து) சாப்பிட்டால்தான் வலி குறைகிறது. வேலையால் வந்ததா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, வேலையால் தேய்ந்த மூட்டு காலையில் அரை மணி நேரத்துக்குள் இளகிவிடும், வேலை செய்யச் செய்யத்தான் வலி ஏறும். உங்களுக்கு அப்படி இல்லை. முடக்குவாதமோ என்று சந்தேகப்படுகிறேன். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்கும் நோய் அது. யூரிக் ஆசிட் வலி பெரும்பாலும் கால் பெருவிரலில், ஒரே ராத்திரியில் சிவந்து வீங்கும். மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு அபூர்வம்.

என் அம்மா பால்மரம் வெட்டியவர். "கத்தி பிடித்த கை அப்படித்தான்" என்று லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். நான் மருத்துவம் படிக்கப் போன பிறகுதான் அது முடக்குவாதம் என்று புரிந்தது. அதற்குள் விரல்கள் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்துவிட்டன. தேத்தண்ணீர் கிளாஸை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துத்தான் தூக்குவார். அதனால் கை வலி என்று யார் வந்தாலும், கை குலுக்குவதுபோல் முட்டி வரிசையை மெல்ல அழுத்திப் பார்ப்பேன். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டால் அன்றைக்கே ரத்தம் எடுத்துவிடுவேன்.

நீங்களும் தாமதிக்காமல் அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குப் போங்கள். இஎஸ்ஆர், சிஆர்பி, ருமட்டாய்டு ஃபேக்டர், ஆன்ட்டி-சிசிபி என்ற ரத்தப் பரிசோதனைகள் செய்து பார்ப்பார்கள். ஃபேக்டர் 'நெகட்டிவ்' என்று வந்தாலும் நோய் இல்லை என்று ஆகாது. வீக்கம் இருந்தால் மூட்டுவாத நிபுணருக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரையில்தான் சிகிச்சையைத் தொடங்குவார்கள். வாரத்துக்கு ஒரே நாள்தான் அதைச் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கர்ப்பத்தில் அந்த மருந்து கூடவே கூடாது.

அப்புறம், அந்த ஜாமு. இப்படி விற்கும் மருந்துகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததை நம் சுகாதார அமைச்சே பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. வலி சட்டென்று குறைவதற்கு அதுதான் காரணமாக இருக்கலாம். உள்ளே மூட்டு அரிப்பது நிற்காது. ரொம்ப நாளாகச் சாப்பிட்டிருந்தால் நீங்களாகத் திடீரென நிறுத்தவும் வேண்டாம், மயங்கி விழ நேரலாம். பாக்கெட்டோடு நாளைக்கே டாக்டரைப் பாருங்கள். விடிந்ததும் கையைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் நம்பர் வருவதற்குள் வீக்கம் வடிந்திருக்கலாம்.