தலைக்காயத்துக்குப் பிறகு: பிள்ளையை மீட்பதும் அதற்கான செலவும் – கேள்வி பதில்

நரம்பியல் மறுவாழ்வுப் பிரிவில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். விபத்தில் தலையில் அடிபட்ட பிள்ளைகளின் வீட்டார் கேட்டவற்றில் பலருக்கும் பொதுவானவற்றுக்கு இங்கே பதில். மாத்திரை விஷயங்களை உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.

திண்டுக்கல், ஓர் அம்மா: மகனுக்கு 19 வயசு. பைக்கில் போனவனை லாரி இடிச்சிருச்சு. தனியார் ஆஸ்பத்திரி ஐசியூவுக்கே நகையெல்லாம் போச்சு. கண் திறக்கிறான், பேச்சு இல்லை. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் பிசியோ குடுங்க"ன்னு சொல்லிட்டாங்க. எங்கே போறது மேடம்?

அம்மா, பெரும்பாலான வீடுகளில் இதுதான் நடக்கிறது. உயிரைக் காப்பாற்றுவதிலேயே காசு தீர்ந்துபோய், பிள்ளையை உட்காரவும் பேசவும் வைக்கும் மாதங்களுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள். சென்னை கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் பாகாயத்தில். 1954 விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் பெயரைத் தாங்கிய அந்த மையம் 1966 முதல் நடக்கிறது. அங்கே கட்டணம் உண்டு. சமூகப் பணியாளரைப் பார்த்துச் சலுகை கேளுங்கள்.

இன்னும் ஐசியூ வாசலில் நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாலை விபத்தென்றால் முதல் 48 மணி நேரச் செலவைத் தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம், அதன் உச்சவரம்புக்குள், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் ஏற்கும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. மூச்சு தானாக வந்து நிலைமை சீரானதும், "அரசு மருத்துவமனைக்கு மாற்றலாமா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மிஞ்சுகிற பணம்தான் பிசியோவுக்கு.

அதே அம்மா: வீட்டுக்கு வர்ற பிசியோ தம்பி ஒரு தடவைக்கு 500 ரூபாய் கேக்குறார். தினமும் வரச் சொல்லணுமா?

வேண்டாம். வாரம் ஒருமுறை வந்து உங்களுக்குக் கற்றுக்கொடுக்கட்டும். செய்ய வேண்டியது நீங்களும் அவன் அப்பாவும்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள், இல்லையென்றால் படுக்கைப்புண் வரும். பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்தே கிடந்தால் குதிகால் தசைநாண் சுருங்கி, நாளைக்கு எழுந்து நிற்கும்போது குதி தரையில் படாது. தினமும் நீவி, பாதத்தை மேல்நோக்கி மடக்க வேண்டும். தூக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள் இறங்கிவிடும். மூக்குக் குழாயில் கஞ்சி கொடுக்கும்போது தலைப்பக்கம் நன்றாக உயர்ந்திருக்கட்டும், கொடுத்து அரை மணி நேரம் வரை படுக்க வைக்காதீர்கள். கஞ்சி நுரையீரலுக்குப் போய் நிமோனியா வந்தால் மறுபடி ஐசியூ, மறுபடி அடகுக் கடை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி வையுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே இலவசமாக வருவார்.

கரூர், ஒரு தம்பி: அண்ணனோட மண்டை ஓட்டில் ஒரு துண்டை எடுத்து வயிற்றுத் தோலுக்கு அடியில வெச்சிருக்காங்க. பயமா இருக்கு.

பயப்படாதே தம்பி. வீங்கிய மூளைக்கு இடம் கொடுக்க எடுத்தது, பிறகு திரும்பப் பொருத்துவார்கள். அதுவரை உட்கார, நடக்க ஹெல்மெட் கட்டாயம். பள்ளமாக இருக்கும் பக்கம் படுக்க வைக்காதே.

தஞ்சாவூர், ஓர் அப்பா: நடக்கிறான், சாப்பிடுகிறான். ஆனால் சாதுவாக இருந்த பையன் தட்டைத் தூக்கி எறிகிறான், அக்காவை அசிங்கமாகத் திட்டுகிறான். செய்வினை என்கிறார்கள்.

செய்வினை இல்லை சார். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் நம் வாயையும் கையையும் அடக்கி வைப்பது. அடி அங்கே பட்டால் கடிவாளம் போய்விடும். டிவி ஓடும்போது நான்கு பேர் சேர்ந்து பேசினால் அவனால் தாங்க முடியாது. ஒருவர் பேசுங்கள், ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள், மதியம் தூங்கவிடுங்கள். கோபம் ஏறும்போது புத்தி சொல்லாமல் அந்த இடத்தைவிட்டு நகர்த்துங்கள். விபூதி பூசுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பூசுகிறவர் வலிப்பு மாத்திரையை நிறுத்தச் சொன்னால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

கோவை, ஒரு மாமா: ஸ்டெம் செல் (குருத்தணு) ஊசிக்கு லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். நிலத்தை விற்கலாமா?

விற்காதீர்கள். 2017ஆம் ஆண்டு தேசிய வழிகாட்டு நெறிமுறைப்படி தலைக்காயத்துக்கு அது ஆராய்ச்சியாக மட்டுமே நடக்கலாம். ஆராய்ச்சிக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது.

விழுப்புரம், ஓர் அக்கா: இன்சூரன்ஸ்காரங்க சமாதானமாப் போயிரலாம்னு ஒரு தொகை சொல்றாங்க. தம்பிகிட்ட லைசென்ஸும் இல்லை.

லைசென்ஸ் இல்லாததாலேயே விபத்துக்குக் காரணம் அவன்தான் என்று ஆகிவிடாது. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடச் சொல்கிறது சட்டம். தாண்டியிருந்தாலும் வக்கீலைப் பார்க்காமல் கைவிடாதீர்கள். மனு போடுவதற்குத்தான் அவசரம், கையெழுத்துக்கு இல்லை. பாதிப்பு எத்தனை சதவீதம் என்று மருத்துவக் குழு சொல்லும் முன் எந்தத் தொகைக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மூளை பாதிக்கப்பட்ட 12 வயதுச் சிறுமியின் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் 62 லட்சம் ரூபாய்க்கு மேல் இழப்பீடு கொடுத்தது. பார்த்துக்கொள்ள இரண்டு பேருக்கான சம்பளத்தையும் அதில் சேர்த்தது. அதனால் ஆட்டோ, டயப்பர் பில்வரை எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

சேலம், ஒரு மாணவி: கை கால் நன்றாக இருக்கிறது, படித்தது நிற்கவில்லை. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் தர மாட்டேன் என்கிறார்கள்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளில் தலைக்காயம் தனியாக இல்லை. அதனால் கை காலை மட்டும் பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். முதலில் உளவியலாளரிடம் ஞாபகம், கவனம், பேச்சு ஆகியவற்றுக்கான சோதனை செய்து, அந்த அறிக்கையோடு மறுபடி போம்மா. பாதிப்பு 40 சதவீதம் என்று வந்தால் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம்.