மருந்து அடித்து எத்தனை நாள்?
வாசகர் கேள்வி – பதில்

சந்தையில் வாங்கும் காய்களை உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் ஊற வைக்கிறேன். காய் கழுவும் திரவம் என்று கடையில் விற்பதையும் வாங்கிப் பார்த்தேன். எதில் பூச்சி மருந்து முழுசாகப் போகுங்க?
*– வாசகி, பீளமேடு*

முழுசாக எதிலும் போகாது. சில மருந்துகள் தோலின் மேல் படிந்து நிற்பவை. அவற்றைக் கழுவி ஓரளவு எடுத்துவிடலாம். இமிடாகுளோபிரிட் போன்றவை செடியின் சாற்றோடு ஓடிக் காய்க்குள்ளேயே போய்விடும். அதற்குமேல் எந்தத் தண்ணீராலும் பலனில்லை.

மேலே இருப்பதை எடுக்கக் குழாயடி போதும். அரை நிமிடமாவது ஓடும் தண்ணீரில் விரலால் தேய்த்துக் கழுவுங்கள். அமெரிக்காவின் கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையம் சோதித்தபோது, விற்பனைக்கு வரும் கழுவு திரவங்கள் வெறும் குழாய்த் தண்ணீரை விட அதிகமாக எடுக்கவில்லை. அந்தக் காசுக்கு இன்னும் அரைக் கிலோ காய் வாங்கலாம். மஞ்சளுக்கும் மருந்தை எடுக்கும் வேலை இல்லை.

ஆப்பச் சோடா உண்மையிலேயே உதவும். 2017-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிளை வைத்துச் செய்த ஆய்வில், லிட்டருக்கு 10 கிராம் சோடா கரைத்த நீரில் 12 முதல் 15 நிமிடம் ஊறியபோது, தோல்மேல் இருந்த இரண்டு மருந்துகளும் நீங்கின. ஆனால் அதற்குள் அவற்றில் ஒன்று ஐந்தில் ஒரு பங்கு தோலுக்குள் இறங்கியிருந்தது. வீட்டில் லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி போட்டு, கால் மணி நேரம் ஊற வைத்து, பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள். முழுக் காயாகவே ஊற வேண்டும். நறுக்கியபின் ஊற வைத்தால் சத்துத்தான் தண்ணீரோடு போகும். முட்டைக்கோஸில் மேலிருக்கும் இரண்டு மூன்று இலைகளை உரித்துப் போட்டுவிடுங்கள். காலிஃபிளவரைச் சுடுதண்ணீரில் உப்புப் போட்டு முக்குவது புழுவுக்கு. மருந்துக்கு என்றால் பூவைப் பிரித்த பிறகு சோடாத் தண்ணீரில் போட வேண்டும்.

சோப்புத்தூள் மட்டும் வேண்டாம். அதுவே காயில் ஊறி நின்றுவிடும்.

புழு இருக்கும் கத்திரிக்காய் மருந்து அடிக்காதது என்று நம்பி எடுக்கலாமா?
*– வாசகர், கோபி*

நம்ப வேண்டாம். காய்ப்புழு முட்டையிலிருந்து வந்த சில மணி நேரத்திலேயே காய்க்குள் துளைத்துப் போய்விடும். அதன் பிறகு மேலே எத்தனை முறை அடித்தாலும் உள்ளே இருக்கும் புழுவை எட்டாது. புழு சாகவில்லை என்று திரும்பத் திரும்ப அடித்த காயாகவும் அது இருக்கலாம்.

கத்திரி போட்டிருக்கிறேன். மூன்று நாளுக்கு ஒரு தடவை பறிக்கிறோம். பறிக்காமல் விட்டால் காய் முற்றிவிடும், அடிக்காமல் விட்டால் புழு. காத்திருப்புக் காலத்தை எப்படிங்க கடைப்பிடிப்பது?
*– விவசாயி, தாராபுரம்*

கொங்கு நாட்டுக் காய்கறிப் பிரச்சினையின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது. காயில் எவ்வளவு மருந்து மிஞ்சுகிறது என்பதைக் கடைசியாக அடித்த நாளுக்கும் பறிக்கும் நாளுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் பெரும்பாலும் முடிவு செய்யும்.

முதலில் லேபிளைப் பாருங்கள். அடித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று அதில் போட்டிருக்கும், அதுதான் காத்திருப்புக் காலம். ஒரே மருந்துக்குப் பயிருக்குப் பயிர் காலம் மாறும். குளோரான்ட்ரானிலிப்ரோல் 18.5 எஸ்.சி. என்ற திரவப் புழு மருந்துக்குத் தக்காளியில் 3 நாள், கத்திரியில் 22 நாள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் தக்காளிக்கு அடித்ததையே வாங்கி வந்து கத்திரிக்கு அடித்தால் கணக்கு எங்கேயோ போய்விடும். எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. என்ற குருணைப் புழு மருந்துக்குக் கத்திரியில் 3 நாள். பறிப்பு நடக்கும் காலத்தில் இந்த மாதிரி குறுகிய காலம் உள்ளதைத்தான் எடுக்க வேண்டும். நீண்ட காலம் உள்ளவை பூ வைப்பதற்கு முன்னால் மட்டும். பறித்த அன்று சாயங்காலம் அடியுங்கள், காலையில் அடித்துவிட்டு மதியம் பறிக்காதீர்கள். டேங்கில் இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்து ஊற்றினால், அவற்றில் எதற்குக் காலம் அதிகமோ அதுவே மொத்தத்துக்கும் காலம். மூடியால் குத்துமதிப்பாக ஊற்றுவதும் ஆபத்து. இரண்டு மடங்கு போனால் 3 நாளில் இறங்க வேண்டியது இறங்காது. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்க 2005-இலேயே தடை வந்துவிட்டது. யார் பரிந்துரைத்தாலும் தொடாதீர்கள்.

அடிக்கும் தடவையையே குறைக்க வழி இருக்கிறது. வாடித் தொங்கும் குருத்துகளை வாரம் ஒருமுறை ஒரு விரல்கடை கீழே கிள்ளி, தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள். அதைப் பிளந்து பார்த்தால் வெளிர் ரோஸ் நிறத்தில் புழு இருக்கும். வரப்பில் வீசினால் அது அந்துப்பூச்சியாகித் திரும்பவும் வரும். பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் அந்துப்பூச்சியைப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு 5 வையுங்கள். வேப்பங்கொட்டைச் சாறும் நல்லது. கொட்டைக்குள் இருக்கும் பருப்பை 5 கிலோ எடுத்து இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுதும் ஊற வைத்து, துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்கிக் காதி சோப்புக் கரைசல் சேர்த்து, அன்றைக்கே வெயில் தாழ்ந்தபின் அடியுங்கள். போன வருஷத்துப் பூசணம் பிடித்த கொட்டையில் வீரியம் இருக்காது, வெயிலிலும் அது சீக்கிரம் அழியும். வேம்பு வேலை செய்யவில்லை என்பவர்களிடம் பெரும்பாலும் இந்த இரண்டு தவறும் நடந்திருக்கும்.

மக்காச்சோளத்துக்குப் படைப்புழு மருந்து அடித்திருக்கிறோம். கலைத்துப் பிடுங்கிய பயிரை மாட்டுக்குப் போடலாமா? பாலில் வருமா?
*– வாசகி, உடுமலை*

போடாதீர்கள். 2018-இல் இந்தியாவுக்கு வந்த அந்தப் புழுவுக்காக மருந்தைக் குருத்துக்குள்ளேயே ஊற்றுகிறோம். மாடு ஆசையாகத் தின்பதும் அந்தக் குருத்தைத்தான். கொழுப்பில் கரையும் மருந்துகள் பாலிலும் வெண்ணெயிலும் சேரும், பாலைக் காய்ச்சினால் போகாது. தீவனத்துக்கென்று கொஞ்சம் சோளத்தை மருந்தில்லாமல் தனியாக விதைத்துக்கொள்ளுங்கள்.

பேத்திக்கு இரண்டு வயது. எங்களோடு ஒரே சாப்பாடுதான். பெரியவர்களை விடக் குழந்தைக்கு ஆபத்து அதிகமா?
*– வாசகர், ஈரோடு*

அதிகம்தான். ஒரு கணக்குப் போடுவோம். குளோர்பைரிபாஸ் என்ற பூச்சி மருந்துக்கு உலக சுகாதார அமைப்பும் ஐ.நா. உணவு அமைப்பும் கூட்டாக அமைத்த வல்லுநர் குழு வைத்த வரம்பு, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.01 மில்லிகிராம். 60 கிலோ பெரியவருக்கு 0.6, பேத்தி 12 கிலோ என்றால் 0.12. கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் எச்சம் உள்ள காயை இருவரும் 100 கிராம் சாப்பிட்டால் ஆளுக்கு 0.02 உள்ளே போகும். உங்களுக்கு அது வரம்பில் முப்பதில் ஒரு பங்கு, பேத்திக்கு ஆறில் ஒரு பங்கு. அதுவும் ஒரு காயில் உள்ள ஒரு மருந்துக்கு மட்டும்தான். இந்த மருந்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றை வரையறுக்கவே முடியாது என்று 2020-இல் ஐரோப்பிய ஒன்றியம் இதை நிறுத்தியது. குழந்தைகளின் மூளை வளர்ச்சி பற்றிய கவலையும் அதற்கு ஒரு காரணம்.

அதற்காகக் காயைக் குறைத்துவிடாதீர்கள், காயில்லாத சாப்பாட்டில் நஷ்டம் அதிகம். ஒரே காயைத் தினமும் கொடுக்காமல் மாற்றி மாற்றிக் கொடுங்கள். பீர்க்கு, சுரை, பூசணி போலத் தோல் சீவும் காய்கள் குழந்தைக்கு நல்லவை. மிளகாய் வற்றலைக் குறையுங்கள். நாலைந்து கிலோ பழம் காய்ந்துதான் ஒரு கிலோ வற்றல் ஆகிறது. தண்ணீர் போகிறது, எச்சத்தில் பெரும்பகுதி அங்கேயே நிற்கிறது. கறிவேப்பிலைப் பொடிக்கும் இதே கணக்குத்தான். ஒரு கறிவேப்பிலைச் செடி வாசலில் இருந்தால் குடும்பத்துக்குப் போதும். உழவர் சந்தையில் வாங்கும்போது, விற்பவரே விளைவித்தவராக இருந்தால், “மருந்து அடிச்சு எத்தனை நாளுங்க ஆச்சு?” என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அடுத்த வாரம் அவரும் நாளைக் குறித்து வைத்துக்கொண்டு வருவார்.

மருந்து அடித்துவிட்டு வந்தால் வீட்டுக்காரருக்குச் சில நாள் தலைச்சுற்றலும் வாந்தியும் வருகிறது. மோர் கொடுக்கிறேன். சரிதானா?
*– வாசகி, காங்கேயம்*

மோரால் நஞ்சு முறியாது, நேரம்தான் போகும். வியர்த்துக் கொட்டுகிறதா, வாயில் எச்சில் ஊறுகிறதா, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 108-ஐ அழையுங்கள். வண்டி வருவதற்குள் நீங்கள் கையுறை போட்டுக்கொண்டு, அவர் உடுத்தியிருந்ததைக் கழற்றி, தலைமுடி, நகக்கண் உட்பட சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நினைவு தப்பினால் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். மருந்து பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள். அட்ரோபின் என்ற முறிவு மருந்து போடுவதா வேண்டாமா என்று மருத்துவர் முடிவு செய்ய அந்த லேபிள் உதவும்.