வாத்தியார் பதில்கள்: பந்தி வாசலில் ஓர் அட்டை

கேள்வி: வணக்கம் ஐயா. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதிக்குப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நேப்பாளத் தம்பிகள் ஐம்பது அறுபது பேர் வருவார்கள். அவர்களும் இந்துக்கள்தான். இந்த வருஷம் கமிட்டி, அவர்களுக்குப் பந்தி வேண்டாம், வாசலுக்கு வெளியே பொட்டலம் கொடுத்தால் போதும் என்கிறது. கமிட்டியில் இருக்கும் என் வீட்டுக்காரர், "இந்த நாட்டில் நமக்கே ஆயிரம் குறை. நாமா போய் மற்றவர்களை ஒதுக்குகிறோம்?" என்று கமிட்டி முடிவுக்கே பரிந்து பேசுகிறார். நான் பேசாமல் இருந்துவிட்டேன். அது தப்பா?
– பெயர் வேண்டாம், காப்பார், மலேசியா

பதில்: தப்புதான் அம்மா. உங்களைவிடப் பெரிய தப்பைச் செய்தவன் சொல்கிறேன்.

ஐந்தாறு வருஷத்துக்கு முன் எங்கள் கோயிலிலும் இதே பேச்சு வந்தது. எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அட்டை எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். கெட்டி அட்டையில் சிவப்பு மார்க்கரால் 'பந்தி உள்ளூர் பக்தர்களுக்கு மட்டும்' என்று எழுதினேன். 'பக்தர்களுக்கு' என்பதில் ஒற்று சரியாக விழுந்திருக்கிறதா என்று வேறு பார்த்தேன். வாத்தியார் புத்தி!

நெற்றியில் பெரிய பொட்டோடு ஒரு நேப்பாளப் பையன் வந்தான். தமிழ் தெரியாது. அட்டையைக் காட்டி, மலாயில் "அப்பா துலிஸ், பாங்?" என்றான். என்ன எழுதியிருக்கிறது அண்ணா என்று என்னிடமே கேட்கிறான். எழுதியதைச் சொல்ல வாய் வரவில்லை. "நாசி தாக் சுக்குப்", சோறு போதாது என்றேன். "தாப்பா, பாங்", பரவாயில்லை அண்ணா என்று சிரித்தான். விபூதியை எடுத்துப் பூசிக்கொண்டு போய்விட்டான். கடைசிப் பந்தி முடிந்தபோது இரண்டு அண்டா சோறு மீந்திருந்தது. ஓர் அண்டாவை மாட்டுக் கொட்டகைக்கு அனுப்பினோம்.

சரி, உங்கள் வீட்டுக்காரர் சொல்வதற்கு வருகிறேன். அவர் சொல்லும் குறை பொய் இல்லை. வாடகை வீடு கேட்டுப் போன் போட்டால், பெயரைக் கேட்டதுமே "வீடு போய்விட்டது" என்பார்கள். என் மகளுக்கே இரண்டு முறை நடந்தது. ஆனால் வீட்டுச் சொந்தக்காரன் கதவை அடைத்தான் என்பது ஒரு கணக்கு, பந்தியில் கரண்டி நம் கையில் இருக்கிறது என்பது வேறு கணக்கு. முதல் கணக்கைக் காட்டி இரண்டாவதைக் கழிக்க முடியாது.

1941இல் உங்கள் கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை நினைத்துப் பாருங்கள். கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? துரையையோ, தோட்டத்துக் கணக்கரான கிராணியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை எடுக்கச் சொன்னார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். தலைவர் ஆர்.எச்.நாதனை நாடு கடத்தினார்கள். துரை வெள்ளைக்காரர். கிராணி பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரர் அல்லது மலையாளி, அதாவது நம் நிறத்துக்காரர். அவருக்கும் மேலே ஒருவன் இருந்தான். அவரும் துரையிடம் ஏச்சு வாங்கியவர்தான். அதற்காக என் தாத்தா சைக்கிளை விட்டு இறங்காமல் போக முடிந்ததா?

என் பாட்டி சாகும்வரை சிவப்பு ஐசிதான், அதாவது குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டைதான், வைத்திருந்தார். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, அந்த ஐசியைச் சேலை மடிப்பில் செருகியே திரிவாராம். இன்று அந்த நேப்பாளத் தம்பியின் பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். முதலாளி பிடித்து வைத்துக்கொள்வது 1966ஆம் வருஷக் கடவுச்சீட்டுச் சட்டப்படி குற்றம். இருந்தாலும் பல இடங்களில் நடக்கிறது. நாம் அதை விசாரிப்பதில்லை. விசாரிப்பது இருக்கட்டும், வங்காளதேசத்துக்காரனை ஏளனமாகச் சொல்லும் 'பங்ளா' என்றுதானே நேப்பாளத்துக்காரனையும் கூப்பிடுகிறோம்?

தீமிதிக் கோயில் என்பதால் நந்தனார் ஞாபகம் வருகிறது. திருப்புன்கூரில் அவருக்காக நந்தி விலகி வழிவிட்டது. சிதம்பரத்திலோ நெருப்பில் இறங்கி எழுந்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். சின்ன வயதில் அதைக் கேட்டுக் கண்கலங்கியிருக்கிறேன். இப்போது கேட்டால் கோபம்தான் வருகிறது. நெருப்பில் இறங்க வேண்டியவர் அவரா?

பொட்டலத்திலும் அதே சோறுதானே என்று கமிட்டியில் ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். அப்படியென்றால் கமிட்டிக்காரர்கள் வாசலில் நின்று பொட்டலத்தில் சாப்பிடட்டும், தம்பிகள் இலையில் சாப்பிடட்டும் என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த கூட்டம் வியாழக்கிழமையா, வெள்ளிக்கிழமையா என்று எழுதுங்கள். என் வீட்டிலிருந்து காப்பார் அரை மணி நேரம்தான். நானும் வருகிறேன், அந்த அட்டைக் கதையை அங்கேயும் சொல்கிறேன்.

கேள்வி: என் மகன் சாமி மேடைக்குப் பக்கத்தில் மார்ட்டின் லூதர் கிங் படத்தை ஒட்டியிருக்கிறான். அமெரிக்கப் பாதிரியாருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் ஐயா?
– ஒரு தகப்பன், மேரு

பதில்: 1959இல் கிங் இந்தியாவுக்குப் போனார். திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியில், தலைமையாசிரியர் அவரை 'அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டப்படாதவர்' என்று அறிமுகப்படுத்தினாராம். முதலில் சுருக்கென்று இருந்தது, அப்புறம் அமெரிக்காவில் வறுமையில் கிடக்கும் தன் இரண்டு கோடி கறுப்பின மக்களை நினைத்து, ஆமாம், நான் தீண்டப்படாதவன்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டதாக, 1965இல் அட்லாண்டாவில் தம் தேவாலயத்துப் பிரசங்கத்தில் அவரே சொன்னார். சம்பந்தம் இவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது.

இன்னொன்று, இதைக் காப்பார் அம்மாவும் படிக்கட்டும். 1963இல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதம், 'அவசரப்படாதே, பொறு' என்ற எட்டு வெள்ளைக்கார மதகுருமார்களுக்குப் பதில். முகமூடி போட்டு அடிக்க வருகிறவனைவிட, நியாயம் தெரிந்தும் அமைதியே பெரிது என்று இருக்கும் நல்லவர்கள்தான் தமக்குப் பெரிய ஏமாற்றம் என்று அதில் எழுதினார். எல்லோரும் கோயிலுக்குப் போகிறவர்கள்தான்!

படம் இருக்கட்டும். ஊதுபத்திப் புகை படாத இடமாகப் பார்த்து ஒட்டச் சொல்லுங்கள், காகிதம் சீக்கிரம் மஞ்சளாகிவிடும்.