பழைய தவணைக் கடன்: "ஐந்நூறு மட்டும் கட்டுங்க" என்றால் கட்டலாமா?

கேள்வி: 2018-இல் தவணைக்கு டி.வி.யும் வாஷிங் மெஷினும் வாங்கினோம். 2019 நடுவில் வீட்டுக்காரருக்குத் தறி வேலை நின்றுபோனதால் பாக்கித் தவணைகளைக் கட்ட முடியவில்லை. கடைசித் தவணைக்குக் கெடு 2019 டிசம்பர் 5. அதற்கப்புறம் யாரும் வந்து கேட்கவில்லை. இப்போது ஏதோ ஏஜென்சியிலிருந்து ராத்திரி ஒன்பது மணிக்குக்கூட போன் வருகிறது. "இன்னைக்கு ஐந்நூறு மட்டும் கட்டுங்க, நாங்க அனுப்புற லெட்டர்ல கையெழுத்துப் போடுங்க, இல்லைன்னா போலீஸ் வரும்" என்கிறார்கள். மூன்று வருடம் ஆனால் கடனே போய்விடும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். எது சரி?
— வாசகி, செல்லூர்

பதில்: அம்மா, இன்றைக்கு ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம், எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். முதலில் தேதியைக் கணக்குப் பார்ப்போம்.

அண்ணன் சொன்னது பாதி சரி. 1963-ஆம் வருடத்துக் காலவரையறைச் சட்டப்படி இந்த மாதிரிக் கடனுக்கு மூன்று வருடத்துக்குள் கேஸ் போட வேண்டும். தவறினால் கோர்ட் வழி அடைபடும். ஆனால் கடன் கடனாகவே இருக்கும். கேட்க அவர்களுக்குத் தடையில்லை, கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபிலில் உள்ள பாக்கியும் இதனால் மட்டும் அழியாது.

உங்கள் கடைசித் தவணைக்கு மூன்று வருடம் 2022 டிசம்பரோடு முடிந்தது என்று சொல்லத் தோன்றும். அங்கேதான் பலர் தவறுகிறார்கள். கொரோனா காலத்தில், 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரை உள்ள நாட்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2019 டிசம்பரிலிருந்து மார்ச் 15 வரை சுமார் மூன்று மாதம்தான் கழிந்திருந்தது. மீதி இரண்டே முக்கால் வருடம் 2022 மார்ச் 1-இல் மறுபடி ஓடத் தொடங்கி 2024 நவம்பரில் முடிந்தது. இடையில் நீங்கள் பணம் கட்டி அதற்குக் கையெழுத்தோ, பாக்கி உண்டு என்று கையெழுத்திட்ட கடிதமோ கொடுத்திருந்தால் கணக்கு அந்தத் தேதியிலிருந்து புதிதாகத் தொடங்கியிருக்கும். நன்றாக யோசித்துப் பாருங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால் கேஸ் போடும் கெடு முடிந்துவிட்டது. முடிந்தபின் ஐந்நூறு கட்டினால் மட்டும் பழைய கெடுவுக்கு உயிர் வராது. அந்த லெட்டர்தான் ஆபத்து. காலாவதியான கடனைத் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால், 1872-ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டப்படி அது புது ஒப்பந்தமாகவே செல்லும். அதை வைத்துக் கேஸ் போடலாம். ஏழை வீடுகளில் இப்படி மிரட்டிக் கையெழுத்து வாங்குவதை நினைத்தால் மனசு கொதிக்கிறது.

தவணை கட்ட முடியாமல் போனது சிவில் விவகாரம், அதற்காகப் போலீஸ் வராது. நீங்கள் கொடுத்த செக் திரும்பியிருந்தால் அது தனி வழக்கு. காலை எட்டுக்கு முன்பும் இரவு ஏழுக்குப் பின்பும் வசூலுக்கு போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. வந்த அழைப்புகளின் நேரத்தைக் குறித்து கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் சரியான பதில் இல்லையென்றால் புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

ஒன்று மட்டும் முக்கியம். கோர்ட்டிலிருந்து சம்மனோ, ஆர்பிட்ரேஷன் (நடுவர் விசாரணை) நோட்டீஸோ வந்தால் "காலாவதிதானே" என்று வீட்டில் வைத்துவிடாதீர்கள். போகாமல் இருந்தால் எதிர்த்தரப்பு சொன்னதே நிற்கும், டிக்ரி (பணம் கட்டச் சொல்லும் கோர்ட் உத்தரவு) ஆனால் அதை நிறைவேற்ற அவர்களுக்குப் பன்னிரண்டு வருடம் உண்டு. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், இலவசமாக வக்கீல் கிடைக்கும். தயங்காமல் போங்கள்.

கேள்வி: எங்கள் சித்தப்பா புரோநோட்டு எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கியிருக்கிறார். மூன்று வருடம் முடிய ஒரு மாதம் இருக்கிறது. "நூறு ரூபா வரவு வச்சு நோட்டுக்குப் பின்னால கையெழுத்துப் போடு" என்கிறார் கடன் கொடுத்தவர். போடலாமா?
— வாசகர், உசிலம்பட்டி

பதில்: இது நம் பக்கத்தில் காலங்காலமாக நடப்பதுதான். அந்த வரவோடு நோட்டுக்கு இன்னும் மூன்று வருடம் கிடைக்கும். வாங்கிய பணம் உண்மை, கொடுக்க அவகாசம் வேண்டும் என்றால் போடுவதுதான் நியாயம் என்பேன். மறுத்தால் அவர் மாதம் முடிவதற்குள் கேஸ் போடத்தான் பார்ப்பார்.

ஆனால் புது வெற்று நோட்டில் கையெழுத்துக் கேட்டால் கொடுக்கக் கூடாது. பழைய நோட்டிலேயே, தொகை சரியா என்று பார்த்து, வரவுத் தொகையையும் தேதியையும் சித்தப்பா தன் கையாலேயே எழுதட்டும். இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.